தலைநகரின் சாலை மரங்களும் சங்கிலி ரம்பமும்

1911-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் தேதி நடைபெற்ற தர்பாரில், இந்தியாவின் தலைநகரம் கல்கத்தாவிலிருந்து டில்லிக்கு மாற்றப்படும் என்று அறிவிக்கப்பட்டது. அதன்பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் புது டில்லி எழுந்தது. கட்டட வேலைகள் நடந்துகொண்டிருக்கும்போதே சாலைகளின் இருமருங்கிலும் மரக்கன்றுகள் நடப்பட்டன. இப்பணியை முன்னின்று நடத்தியவர் டபிள்யூ. ஆர். மஸ்டோ என்ற தோட்டக்கலை அதிகாரி. ஒரு சாலைக்குப் பெரும்பாலும் ஓர் இன மரம் என்பது அக்காலத்தில் கையாளப்பட்ட முறை. அசோகா சாலையிலும் துக்ளக் சாலையிலும் நாவல், அக்பர் சாலையில் புளி, ஜன்பத்தில் மருது, லோதி சாலையில் வேம்பு என்றவாறு வரிசைகள் அமைந்தன. 2022 வரை ராஜபாதை என்று வழங்கி, இப்போது கர்த்தவ்ய பாதை எனப் பெயர் பெற்றுள்ள பெருஞ்சாலையின் ஓரங்களில் நிழல் தருவதும் நாவலே.

அழகுக்காகச் செய்த இவ்வேற்பாட்டில் ஒரு விளைவு மறைந்திருந்தது. ஒரே காலத்தில் நட்டவை ஒரே காலத்தில் மூப்படையும். காட்டில் கன்றும் இளமரமும் முதுமரமும் கலந்து நிற்பதால், ஒன்று விழுந்தால் அருகிலுள்ள மற்றொன்று அவ்விடத்தை நிரப்பும். புது டில்லியின் பழைய சாலைகளிலோ வரிசை முழுவதும் நூறு வயதை எட்டியோ நெருங்கியோ நிற்கின்றது. ஆகையால் இம்மரங்களை எவர் வெட்டுகின்றனர், எக்கருவியால் வெட்டுகின்றனர், எவ்விடத்தில் வெட்டுகின்றனர் என்ற கேள்விகள் முன்னெப்போதும் இல்லாத முக்கியத்துவம் பெற்றுவிட்டன.

2022-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் தேதி மாலையில் டில்லியைத் தாக்கிய சூறாவளிக் காற்றில் நகரெங்கும் நூற்றுக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. ஜும்மா மசூதியின் நடுக்குவிமாடத்துக் கலசமும் முறிந்து விழுந்தது. உயிர்ச்சேதமும் நேர்ந்தது. இத்தகைய காற்று ஒவ்வொரு முறை வீசிய பிறகும் நகரத்தார் இரு கட்சியாகப் பிரிந்து வாதிடுவது வழக்கமாகிவிட்டது. கிளைகளை உரிய காலத்தில் வெட்ட விடாமல் சட்டம் தடுப்பதே விபத்துக்குக் காரணம் என்பது ஒரு கட்சி. கண்டபடி வெட்டியதால்தான் மரங்கள் வலுவிழந்தன என்பது மற்றொரு கட்சி. இரு சாராரும் வெட்டுவதா வேண்டாமா என்றே பேசுகின்றனர். வெட்டும் முறையைப் பற்றி இருவரும் பேசுவதில்லை. விஞ்ஞானம் ஏதேனும் சொல்லக்கூடுமானால் அது இம்மூன்றாவது விஷயத்தில்தான்.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். 1994-ஆம் ஆண்டின் டில்லி மரப் பாதுகாப்புச் சட்டம், மரத்தை வீழ்த்துதல் என்ற சொல்லுக்கு மிக விரிவான பொருள் கொடுத்தது. அடியோடு அறுப்பது மட்டுமன்றி, பட்டையை வளையமாகச் செதுக்குவது, கிளைகளைக் கழிப்பது, தலையைத் துண்டிப்பது, மருந்திட்டு அழிப்பது ஆகிய யாவும் அதனுள் அடங்கும். மர அதிகாரியின் அனுமதியின்றி இவற்றைச் செய்தல் கூடாது. உயிருக்கோ உடைமைக்கோ போக்குவரத்துக்கோ ஆபத்து விளைவிக்கும் நிலையில் உள்ள மரத்தை உடனே அகற்றிவிட்டு, இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் அறிவிக்கலாம் என்ற விலக்கும் அதில் உண்டு. பின்னர் வகுக்கப்பட்ட வழிகாட்டு நெறிகள், 15.7 சென்டிமீட்டர் வரை சுற்றளவுள்ள கிளைகளைத் தனி அனுமதியின்றிக் கழிக்க இடமளித்தன. 2023-ஆம் ஆண்டு மே மாதத்தில் டில்லி உயர் நீதிமன்றம், சட்டத்தில் இல்லாத இச்சலுகை செல்லாது என்று அதனை நீக்கிற்று.

15.7 சென்டிமீட்டர் சுற்றளவு என்பது 5 சென்டிமீட்டர் குறுக்களவு. ஒரு கைப்பிடியில் அடங்கும் பருமன் என்று கொள்ளலாம். சலுகை நீங்கியது சரியா என்பது சட்ட வல்லுநர்க்குரிய விவாதம். மரத்தின் சார்பில் பார்த்தால், அந்த அளவுகோலிலேயே குறை இருந்தது. ஐந்து சென்டிமீட்டர் கிளை ஒன்றை முறைப்படி நீக்கினால் வேம்புக்கு ஒரு தீங்கும் இல்லை. அதே பருமனுள்ள இருநூறு கிளைகளை ஒரே நாளில் நீக்கினால், ஒரு கிளைகூட அளவை மீறவில்லையாயினும், அம்மரம் தன் உணவு தயாரிக்கும் இலைப்பரப்பின் பெரும்பகுதியை இழந்துவிடும். உயிருள்ள தழைப்பகுதியில் ஓராண்டில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் கழிக்கலாகாது என்பது மர வல்லுநரிடையே வழங்கும் பொது விதி. முதிய மரமாயின் அதனினும் மிகக் குறைவாகவே கழிக்க வேண்டும். பருமனை அளந்த விதி, பங்கையும் அளக்கவில்லை. வெட்டும் இடத்தையும் கேட்கவில்லை.

வெட்டும் இடம் ஏன் முக்கியம் என்பதை விளக்கிய ஆராய்ச்சி, வியப்புக்குரிய விதத்தில், சங்கிலி ரம்பத்தின் துணை கொண்டே நிகழ்ந்தது. அமெரிக்க வனத்துறையில் 1959-இல் சேர்ந்த அலெக்ஸ் ஷைகோ என்ற தாவர நோய் விஞ்ஞானி, ஒருவரே கையாளக்கூடிய ரம்பத்தைக் கொண்டு மரங்களைக் குறுக்கே அறுப்பதை விடுத்து நெடுக்காகப் பிளந்து பார்த்தார். அதுவரை குறுக்கு வெட்டில் வட்டமான கறையாக மட்டுமே தெரிந்த உளுப்பு, எங்கிருந்து தொடங்கி எவ்வளவு தூரம் பரவி எங்கே நின்றது என்பது நெடுக்கு வெட்டில் தெளிவாயிற்று. விலங்கின் உடலில் காயம் பட்டால், பட்ட இடத்திலேயே புதுத் திசு தோன்றிப் பழையதை மாற்றிக் காயம் ஆறுகிறது. மரத்தில் அவ்வாறு நிகழ்வதில்லை. காயம் பட்ட பகுதியை மரம் கைவிட்டுவிடுகிறது. அதற்கு மேலும் கீழும் உள்ளும் பக்கங்களிலும் குழாய்களை அடைத்தும் வேதிப்பொருள்களைச் சேர்த்தும் தடுப்புச் சுவர்களை எழுப்பி, கிருமியை அவ்வறைக்குள்ளேயே பூட்டுகிறது. வெளிப்புறத்தில் புதுக் கட்டையை வளர்த்து மூடுகிறது. நூறு வயது நாவலின் உட்புறம் இத்தகைய பூட்டிய அறைகள் பல கொண்டது. பூட்டப்பட்ட காயம் அங்கேயே இருக்கும். மரம் உள்ளளவும் அது மறைவதில்லை.

கிளையின் அடிப்புறத்தில், அது தண்டுடன் சேருமிடத்தில், சட்டையின் கழுத்துப்பட்டை போன்ற ஒரு புடைப்பு உண்டு. மேற்சொன்ன சுவர்களுள் வலிமையானவை எழுவது இப்புடைப்பினுள்ளேயே. ஆகவே கிளையை இப்புடைப்புக்குச் சற்று வெளியே அறுக்க வேண்டும். தண்டோடு தண்டாக வழவழப்பாகச் சீவினால் பார்வைக்கு நேர்த்தியாக இருக்கும். ஆனால் மரத்தின் காவற்சுவர் அச்சீவலோடு போய்விடும். ஒரு முழம் நீளத்துக்குக் குச்சியை விட்டுவைப்பதும் தவறு. அக்குச்சி இறந்து உளுத்து, புதுக் கட்டை மூடுவதற்கு இடையூறாய், பூசணம் உட்செல்லும் வாயிலாகிவிடும். டில்லிச் சாலைகளில் நின்று மேலே நோக்கினால் இவ்விரு பிழைகளையும் ஒரே மரத்தில் காணலாம்.

கனமான கிளையை ஒரே வெட்டில் மேலிருந்து அறுத்தால், அறுப்பு முடியுமுன் கிளை தன் பாரத்தால் முறிந்து, தண்டின் பட்டையை நெடுக உரித்துக்கொண்டு விழும். இதற்கு மாற்று மூன்று வெட்டு முறை. முதலில் தண்டிலிருந்து சுமார் 30 சென்டிமீட்டர் தள்ளிக் கிளையின் அடிப்பக்கத்தில், பருமனில் நான்கிலொரு பங்கு ஆழத்துக்குக் கீழிருந்து மேலாக அறுக்க வேண்டும். அதற்கும் சற்று வெளியே மேலிருந்து கீழாக இரண்டாம் வெட்டு. இதில் கிளை முறிந்து விழுந்தாலும் உரியும் பட்டை முதல் வெட்டில் வந்து நின்றுவிடும். எஞ்சிய குட்டைத் துண்டை, கையால் தாங்கியபடி, புடைப்புக்கு வெளியே அறுப்பது மூன்றாவது. ஒரு கிளைக்கு இரண்டு நிமிடம் கூடுதலாகலாம். வேலையை நாளொன்றுக்கு இத்தனை மரம் என்று கணக்கிட்டு ஒப்பந்தம் விடும் இடங்களில் அந்த இரண்டு நிமிடம் கிடைப்பதில்லை.

மரத்தின் உச்சியை மொட்டையாக வெட்டும் பழக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இவ்வாறு வெட்டிய வேம்பு சில மாதங்களில் அடர்ந்து தழைத்துவிடுவதைக் கண்டு, வெட்டு மரத்துக்கு நல்லது என்று பலர் நம்புகின்றனர். இலையை இழந்த மரம் சேமிப்பைச் செலவழித்துப் பிழைக்க முயல்வதன் அடையாளமே அத்தளிர்ப்பு. இயல்பான கிளையின் அடி தண்டுக் கட்டையோடு பின்னி வேர்கொண்டிருக்கும். வெட்டுக்குப் பின் எழும் தளிர்களோ மேற்பட்டைக்கு அடியிலிருந்து புறப்பட்டவை, பற்றுக்கோடு அற்பமானது. பத்தாண்டில் அவை ஒவ்வொன்றும் பெருங்கிளையாகிவிடும். கீழே வெட்டுவாய் உளுத்திருக்கும். காற்றில் முதலில் முறிவன இவையே. ஆபத்தைத் தவிர்க்க என்று சொல்லிச் செய்த வேலை பத்தாண்டுக்குப் பின் ஆபத்தை உண்டாக்குகிறது.

வெட்டுவாயில் தார் அல்லது வண்ணம் பூசும் பழக்கமும் கைவிடத்தக்கது. பூச்சு ஈரத்தை உள்ளே நிறுத்திப் பூசணத்துக்கு உதவுமேயன்றி அதனைத் தடுப்பதில்லை. மர ஆம்புலன்ஸ் என்ற பெயரில் வரும் வண்டிகளின் சிப்பந்திகள் பொந்துகளைச் சுரண்டிக் கழுவி, மருந்து தெளித்து, தெர்மகோல் திணித்து, கம்பி வலையிட்டுக் காரை பூசிச் செல்வதைத் தலைநகர் நன்கு அறியும். அவர்களது அக்கறை பாராட்டுக்குரியது. ஆயினும் பொந்தைச் சுரண்டுகையில் மரம் அரும்பாடுபட்டு எழுப்பிய உட்சுவர் உடைபடுகிறது. காற்றில் மரம் வளையும், காரை வளையாது, ஆகவே இரண்டும் ஒன்றையொன்று தேய்க்கும். உள்ளே பொந்துள்ள மரம் வலுவற்றது என்பதும் அவசரத் தீர்ப்பே. சுற்றிலும் போதிய தடிப்புள்ள நல்ல கட்டை இருப்பின், குழாயைப் போல அது நன்றாகவே நிற்கும். பொந்தை நிரப்புவதற்குச் செலவிடும் பணத்தை, அச்சுவரின் தடிப்பை அளந்து பதிவு செய்வதற்குச் செலவிட்டால் பயன் மிகுதி. கிளியும் ஆந்தையும் அப்பொந்துகளில் குடியிருப்பவை என்பதும் நினைவிருக்கட்டும்.

இனிக் கருவியைப் பற்றி. சங்கிலி ரம்பத்தின் மூதாதை மரத்துக்காகப் பிறந்ததே அன்று. 1830-ஆம் ஆண்டளவில் பெர்ன்ஹார்ட் ஹைனே என்ற ஜெர்மானியர் எலும்பை அறுக்கும் சிகிச்சைக்காகக் கைப்பிடி சுழற்றும் சங்கிலி வாள் ஒன்றை அமைத்தார். ஆண்ட்ரியாஸ் ஷ்டீல் 1926-இல் மின்சார ரம்பத்தையும் 1929-இல் பெட்ரோல் ரம்பத்தையும் ஜெர்மனியில் உருவாக்கினார். இன்று நாம் காணும் பல்லமைப்பு அமெரிக்காவில் மரம் வெட்டும் தொழிலாளியாயிருந்த ஜோசப் காக்ஸ் என்பவர் கண்டது. கட்டையைத் துளைக்கும் வண்டின் புழு, தன் வாய்த் தாடைகளால் இடமும் வலமுமாக மாறி மாறிச் சீவிச் செல்வதை அவர் உற்றுநோக்கினார். அதே விதமாக இடப்பல்லும் வலப்பல்லும் மாறி வரும் சங்கிலியை 1947-இல் விற்பனைக்குக் கொணர்ந்தார்.

இச்சங்கிலி வினாடிக்குச் சுமார் 20 மீட்டர், அதாவது மணிக்கு 70 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் ஓடுகிறது. அதன் தகட்டு நுனியின் மேற்கால்பகுதி ஏதேனும் கட்டையில் பட்டுவிட்டால், பற்கள் சிக்கி, தகடு முழுவதும் இயக்குபவரின் முகத்தை நோக்கித் துள்ளும். இப்பின்னுதைப்பு, கண் கண்டு கை விலகுவதற்குரிய நேரத்தைவிட விரைவாக நிகழ்ந்து முடிகிறது. முன்கைப்பிடிக்கு எதிரே உள்ள காப்பு மணிக்கட்டில் தட்டியோ, துள்ளலின் வேகத்தாலோ சங்கிலியை நிறுத்தும் பிரேக் நவீன ரம்பங்களில் உண்டு. வேலை தொடங்குமுன் அது செயற்படுகிறதா என்று ஒவ்வொரு நாளும் சோதிக்க வேண்டும். இடக்கை முன்பிடியிலும் வலக்கை பின்பிடியிலும், கட்டைவிரல் பிடியைச் சுற்றி வளைந்திருக்குமாறு, இரண்டு கைகளாலும் பற்ற வேண்டும். தோளுக்கு மேல் உயர்த்தி அறுப்பதும், ஏணியின் மேல் நின்று அறுப்பதும் கூடவே கூடாதவை.

சங்கிலியின் கூர்மையை அறிய எளிய வழி ஒன்றுண்டு. கூரிய பல் சீவலாக வெளியேற்றும். மழுங்கிய பல் மாவாகத் தூளாக்கும். தூள் பறக்கத் தொடங்கினால் ரம்பத்தை நிறுத்தி, சங்கிலிக்கு ஏற்ற குறுக்களவுள்ள உருண்டை அரத்தால் ஒவ்வொரு பல்லையும் ஒரே கோணத்தில், ஒரே எண்ணிக்கையான உராய்வுகளால் தீட்ட வேண்டும். ஒரு பக்கத்துப் பற்கள் மட்டும் குட்டையானால் வெட்டு வளைந்து செல்லும். மழுங்கிய சங்கிலியை அழுத்திப் பிடித்து வேலை வாங்குவதால் உடல் சோர்கிறது, பிடி தளர்கிறது, விபத்துக்கு வழி பிறக்கிறது. அரமொன்றின் விலை ரம்பத்தின் விலையில் மிகச் சிறு பங்கே.

டில்லியின் மரங்களில் ஏறுவோர் பெரும்பாலும் இடுப்பில் ஒரு கயிறும் காலில் செருப்பும் உடையவர்கள். சிலருக்குக் கயிறும் இல்லை. ரம்பத்தின் இரைச்சல் 100 டெசிபலைத் தாண்டும். காதடைப்பு இன்றி நாள் முழுதும் கேட்பவர் செவிப்புலனை இழப்பார். அதிர்வு ஆண்டுக்கணக்கில் கையில் ஏறினால் விரல்கள் வெளுத்து மரத்துப் போகும் நோய் உண்டாகும். தலைக்கவசம், கண்மறைப்பு, காதடைப்பு இவற்றுடன், கால்களுக்கு நீண்ட இழைகள் அடைத்த காற்சட்டையும் வேண்டும். சங்கிலி துணியைக் கிழித்தால் அவ்விழைகள் சுற்றிக்கொண்டு பற்சக்கரத்தை இறுக்கி நிறுத்திவிடும். மரத்தின்மேல் ரம்பம் இயக்குபவர் தனித்தனியான இரண்டு இணைப்புகளால் கட்டப்பட்டிருக்க வேண்டும். ஒரு கயிற்றைத் தன் ரம்பத்தாலேயே அறுத்துக்கொண்டாலும் மற்றொன்று தாங்கும். மின்கம்பி அருகே ஓடினால், மின் இணைப்புத் துண்டிக்கப்பட்டதென உறுதிப்படும்வரை எவரும் ஏறலாகாது. பிரிட்டனில் தொழில்முறையில் மரத்தின்மேல் இக்கருவியை இயக்குவோர் தக்க பயிற்சியும் சான்றும் பெற்றிருக்க வேண்டும் என்பது ஏற்கப்பட்ட நெறி. லாரி ஓட்ட உரிமம் கேட்கும் நாடு, சாலையோரத்தில் ஆட்கள் நடமாடும் இடத்தின் தலைக்குமேல் ரம்பம் ஓட்டுபவரை ஒன்றும் கேட்காமலிருப்பது பொருந்தாது.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். உயிருள்ள மரத்தைக் கழிப்பதற்குச் சங்கிலி ரம்பம் பெரும்பாலும் வேண்டுவதே இல்லை. ஐந்து, ஆறு, எட்டு சென்டிமீட்டர் கிளைக்கு, இழுக்கும்போது அறுக்கும் வளைந்த கைரம்பம் போதும். அது புடைப்பின் விளிம்பைத் தொட்டும் தொடாமலும் செல்லக்கூடியது; வெட்டுவாய் சுத்தமாயிருக்கும். இரைச்சல் இல்லாமையால் கீழே நிற்பவர் கூப்பிடுவது மேலே இருப்பவருக்குக் கேட்கும். யந்திரம் கையிலிருந்தால் பத்துக் கிளை வெட்ட வந்தவர் முப்பது கிளை வெட்டிவிடுவார். கைரம்பமோ உழைப்பைக் கேட்பதால், எந்தக் கிளை அவசியம் என்று எண்ணவும் வைக்கிறது. விழுந்து கிடக்கும் மரத்தைத் துண்டாக்கவும், செத்த பெருமரத்தை அகற்றவும் யந்திரத்துக்கு ஈடில்லை. அங்கேயும், பாரமும் இழுவிசையும் உள்ள கிளை எப்பக்கம் தெறிக்கும் என்பதை அறிந்தவரே தொட வேண்டும். புயலில் சாய்ந்த மரம், நிற்கும் மரத்தைவிட அபாயமானது.

கிளையைப் பற்றி இவ்வளவு பேசினாலும், 2022 மே மாதக் காற்றில் பல மரங்கள் வேரோடு சாய்ந்தன என்பதை மறக்கலாகாது. மரத்தின் உணவு வேர்களும் பிடிப்பு வேர்களிற் பலவும் நிலத்தின் மேல் ஒரு மீட்டருக்குள்ளேயே பக்கவாட்டில் பரவுகின்றன. கேபிளுக்கும் குழாய்க்கும் தோண்டும் பள்ளம் தண்டிலிருந்து இரண்டடி தூரத்தில் சென்றால், அப்பக்கத்து வேர்கள் அனைத்தும் அறுபடும். மேலே ஒரு சிறு கிளைக்கு அனுமதி கோரும் சட்டத்தின் கண்ணுக்கு, நடைபாதைக் கல்லுக்கு அடியில் அறுபடும் தொடை பருமனுள்ள வேர் எளிதில் தென்படுவதில்லை. மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் தூரத்துக்குச் சிமெண்டை அகற்ற வேண்டுமென்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2013-ஆம் ஆண்டு ஏப்ரலில் உத்தரவிட்டது. சிமெண்டைப் பெயர்ப்பதற்குக் கடப்பாரையும் துளை யந்திரமும் கொண்டு வேரையும் சேர்த்துப் பெயர்த்தால், உத்தரவு நிறைவேறும், மரம் சாயும். இவ்வேலைக்கும் பயிற்சி பெற்ற கை வேண்டும்.

2024-ஆம் ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம், டில்லியின் மரங்களைக் கணக்கெடுக்கும் பணியை டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தின் துணையோடு நடத்துமாறு பணித்தது. இனத்தையும் எண்ணிக்கையையும் குறித்துக்கொள்வதோடு இக்கணக்கு நின்றுவிடலாகாது. ஒவ்வொரு மரத்துக்கும் ஓர் ஏடு திறந்து, கடைசியாகக் கழிக்கப்பட்ட நாள், கழித்த கிளைகளின் இடம், தழைப்பகுதியில் போன பங்கு, பொந்தின் சுவர்த் தடிப்பு, எந்தத் திசையில் பள்ளம் தோண்டப்பட்டது, வேலையை மேற்பார்த்தவரும் மரத்தில் ஏறியவரும் யார், அவர் பெற்ற பயிற்சி என்ன என்பனவற்றை எழுத இடம் விடுவது நன்று. ஐந்தாறு ஆண்டுகளில் அடுத்த பெருங்காற்று வீசியபின் அவ்வேடுகளைப் புரட்டிப் பார்த்தால், எத்தகைய வெட்டுக்கு ஆளான மரங்கள் சாய்ந்தன, எவை நின்றன என்பது இரு கட்சியாரின் ஊகமாக இராமல் எண்களாகக் கிடைக்கும். மரம் ஏறுபவர்களுக்கான பயிற்சிக் கூடத்தை அதுவரை ஒத்திவைக்க வேண்டியதில்லை. ஒரு வேப்பமரம், இரண்டு வடம், சில கைரம்பம், ஓர் அரம், ஒரு நல்ல ஆசிரியர் என்ற அளவில் அடுத்த குளிர்காலத்திலேயே அதைத் தொடங்கிவிடலாம்.